ஐஸ் பெட்டியில் வந்த டப்பா

ஆண்களின் விந்தணுக்களை எண்ணுவதுதான் என் வேலையாக இருந்தது. வேலைக்குச் சேர்ந்த புதிதில், கொருக்குப்பேட்டையில் யார் கேட்டாலும் என் அம்மா, "ஆஸ்பத்திரில ரத்தம் பாக்குறா" என்று சொல்லிவிடுவாள். பெண் பார்க்க வந்தவர்களிடமும் அதையே சொன்னாள். கல்யாணம் முடிந்து ஒரு வாரம் கழித்து நானே என் வீட்டுக்காரரிடம் உண்மையைச் சொன்னேன். "சரி, ஆஸ்பத்திரியோட நிறுத்திக்க. வூட்ல எதயும் எண்ணாத" என்றார். நல்ல மனிதர். இன்றுவரை அதற்குமேல் ஒரு கேள்வி கேட்டதில்லை.

ஓய்வு பெற்ற பிறகு இதையெல்லாம் எழுதுவேன் என்று நினைக்கவில்லை. எழுத வைத்தவள் பானு. எனக்குப் பிறகு அந்த மேசையில் உட்கார்ந்திருப்பவள். போன மாதம் போன் செய்தாள். முந்தைய நாள் இரவு ஏதோ ஒரு டிவி விவாதமாம். ஆண்களின் குழந்தைப்பேற்றைக் கெடுத்தது வைரஸ் என்று ஒருவர், இல்லை தடுப்பூசிதான் என்று இன்னொருவர். கடைசிவரை ஒருவரை ஒருவர் பேச விடவில்லை. மறுநாள் காலையில் எங்கள் பிரிவு வாசலில் கூட்டம் அலைமோதியிருக்கிறது.

"அக்கா, வர்றவங்கள்லாம் டிவில சொன்னதயே சொல்லிகினு கீறாங்க. ரெஜினா மேடம் இருந்தா இன்னா சொல்லுவாங்க?" என்று கேட்டாள்.

போனில் சொல்லி முடிக்கிற பதிலா அது? மேடம் எடுத்த எடுப்பில் எதுவும் சொல்லமாட்டார், கேட்பார். அவர் எப்படிக் கேட்பார் என்பதைச் சொல்ல வேண்டுமானால் காத்திவாக்கத்து தேசிங்கின் கதையைத்தான் சொல்ல வேண்டும். அவன் தன் கதையை ஊருக்கு நடுவே தானே சொல்லிவிட்டான் என்பதால்தான் நானும் சொல்கிறேன். ஆனாலும் பெயர்களை மாற்றியிருக்கிறேன்.

ஆய்வகப் படிப்பு முடித்து, ரத்தம், சளி, சிறுநீர் என்று சில வருஷம் மேசை மேசையாக மாறியவள் நான். விந்துப் பரிசோதனை மேசைக்கு வர யாருக்கும் விருப்பமில்லை. இளக்காரமான வேலை என்று நினைத்தார்கள். ஆண்கள் பிரிவில் பெண் எதற்கு என்றும் பேசினார்கள். "கஸ்தூரி வரட்டும். அவளுக்குக் கோபம் வரும், வெக்கம் வராது" என்று சொல்லி என்னை இழுத்துக்கொண்டவர் டாக்டர் ரெஜினா. வடசென்னையின் அந்த அரசு மருத்துவமனையில் அவர்தான் எங்கள் பிரிவுக்குத் தலைவர். ஒல்லியான உருவம், காட்டன் புடவை. குரல் உயர்ந்து நான் கேட்டதே இல்லை. திட்ட வேண்டும் என்றால் நம் பெயரை முழுதாகச் சொல்லிக் கூப்பிடுவார், அவ்வளவுதான். அதற்கே நான் செய்த வேலையை முதலிலிருந்து மறுபடி செய்துவிடுவேன்.

சேர்ந்த அன்று அவர் எனக்கு மைக்ராஸ்கோப்பைக் காட்டவில்லை. சாம்பிள் டப்பாவை எப்படி வாங்குவது என்று காட்டினார். "வாங்கறப்போ டப்பாவைப் பாக்காதே. ஆளோட முகத்தைப் பாரு. பஸ் டிக்கெட் வாங்குற மாதிரி வாங்கு" என்றார். துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவர், அத்திப்பட்டு மின் நிலையத்தில் கொதிகலன் பக்கத்தில் நின்று வேலை செய்கிறவர், ஆட்டோ ஓட்டுகிறவர் என எல்லாரும் அந்த டப்பாவைக் கொடுக்கும்போது மட்டும் ஒரே மாதிரிதான் குனிவார்கள். ஒருவர் பிஸ்கட் பாக்கெட்டுக்குள் வைத்துக் கொண்டுவந்து, அதை என்னிடம் நீட்டும்போது பிஸ்கட் விலையைப் பற்றிப் பேசினார். நானும் பிஸ்கட்டைப் பற்றியே பேசி வாங்கி வைத்தேன்.

பெயரை மூடியில் எழுதக் கூடாது, டப்பாவின் உடம்பில்தான் எழுத வேண்டும். மூடி மாறிவிட்டால் ஒருவனின் தலையெழுத்தே மாறிவிடும் என்பார் மேடம். வந்த சாம்பிள் முதலில் கெட்டியாக இருக்கும். அதை உடம்புச் சூட்டில் வைத்து, தானாக இளகும்வரை காத்திருக்க வேண்டும். அவசரப்பட்டுக் கிளறினால் கணக்கு தப்பும். இளகியபின் ஒரு சொட்டைக் கண்ணாடியில் விட்டு, முதலில் ஓட்டம் இருக்கிறதா என்று பார்ப்போம். பிறகு கலக்கி, கட்டம் போட்ட கண்ணாடியில் விட்டு எண்ணுவோம். ஓடாமல் கிடப்பவை உயிரோடு இருக்கின்றனவா என்று தெரிய ஒரு சிவப்புச் சாயம் உண்டு. செத்தது சாயத்தைக் குடித்துச் சிவக்கும். உயிருள்ளது வெள்ளையாகவே நிற்கும்.

இதெல்லாம் எந்தப் புத்தகத்திலும் கிடைக்கும். புத்தகத்தில் கிடைக்காதது மேடத்தின் கேள்விகள். கடைசியாக எப்போது காய்ச்சல் வந்தது, என்ன வேலை, நெருப்பு பக்கத்தில் நிற்கிறாயா, வீட்டிலிருந்து கொண்டுவந்தாயா, எதில் கொண்டுவந்தாய், வழியில் எங்காவது நின்றாயா என்று கேட்டுக்கொண்டே போவார். வேறு இடத்து ரிப்போர்ட்டைக் கொண்டுவந்தால் அதைக் குப்புறக் கவிழ்த்து வைத்துவிட்டுத்தான் கேட்க ஆரம்பிப்பார். ஒரே ஒரு சாம்பிளை வைத்து யாருக்கும் 'இல்லை' என்று எழுத எங்களை அவர் விட்டதில்லை.

வைரஸ் ஆண்களைக் கெடுக்காது என்று மேடம் ஒருநாளும் சொன்னதில்லை. திருவொற்றியூரிலிருந்து ஒரு வெல்டர் வந்தார். கல்யாண வயதில் பொன்னுக்கு வீங்கி வந்து, கன்னத்தோடு கீழேயும் வீங்கியிருக்கிறது. வெட்கப்பட்டு யாரிடமும் சொல்லவில்லை. இரண்டு முறை பார்த்தும் அவர் சாம்பிளில் ஒன்றுமே இல்லை. கணவன் மனைவி இருவரையும் உட்கார வைத்து மேடம் சொன்னார்: "இது வைரஸ் பண்ணது. நீங்க பண்ணது இல்ல. இந்தம்மா பண்ணது இல்லவே இல்ல." அந்தப் பெண் மேடத்தின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அதுவரைக்கும் வீட்டில் எல்லாரும் அவளைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார்களாம். "அந்த வீக்கத்துக்கு ஊசி இருக்கு கஸ்தூரி. சின்ன வயசுல போட்டிருந்தா அந்தாளு இங்க வந்திருக்கவே மாட்டாரு" என்று அன்று சாயந்திரம் முழுக்கப் புலம்பினார்.

பிறகு கொரோனா வந்தது, தடுப்பூசி வந்தது, கூடவே வதந்தியும் வந்தது. ஊசி போட்டால் ஆண்மை போய்விடும் என்று கடற்கரைக் குப்பங்களில் பேச்சு. அந்தச் சமயத்தில்தான் நிர்மலா எங்கள் அறைக்குள் வந்தாள். காத்திவாக்கத்தில் இறால் வாங்கி விற்பவள். புருஷன் தேசிங்கு, ஃபைபர் போட்டில் கடலுக்குப் போகிறவன். அவன் உள்ளே வராமல் படிக்கட்டு ஓரம் நின்றான்.

வந்தவள் ஒரு தனியார் லேப் ரிப்போர்ட்டை மேசைமேல் வைத்தாள்.

"மேடம், எங்க குப்பத்துலயே மொத மொத ஊசி போட்டுகினது இவுருதான். கொழந்த நிக்கலயேன்னு இப்ப டெஸ்ட் எடுத்தா ஒண்ணு கூட ஓடலயாம். எல்லாம் செத்துப்போச்சாம். இவுரு கோவத்துல கூட்டாளி கஜா கிட்ட சொல்லிட்டாரு. அது ஊரு பூரா பரவி, இப்ப ஒருத்தரும் ஊசி போட்டுக்க வர மாட்றாங்க. கொழந்த இல்லாத வூட்ல எதுக்கு கீறேன்னு எங்க அண்ணன் என்ன கூட்டிகினு போவ நிக்குது. இவுரும் 'போயிடு, வேற கட்டிக்க'ன்றாரு. இந்த ஆஸ்பத்திரில ஒரு தபா பாத்துட்டுத்தான் எதுனாலும்னு அண்ணன் கிட்ட சொல்லிட்டு வந்துகிறேன்."

மேடம் ரிப்போர்ட்டைக் கவிழ்த்து வைத்தார். "லேப்புக்கு யாரு எடுத்துட்டுப் போனது?"

"நான்தான். அவுரு வெக்கப்பட்டாரு."

"எப்படி எடுத்துட்டுப் போனே?"

நிர்மலாவின் முகத்தில் அப்போதுதான் கொஞ்சம் தெம்பு வந்தது. தொழில் தெரிந்தவளின் தெம்பு.

"பத்திரமாத்தான் மேடம். வெயிலு கொளுத்திகினு இருந்துச்சு. கெட்டுடக் கூடாதுல்ல? எறா பொட்டில அடில ஐஸு கொட்டி, நடுவுல டப்பாவ வெச்சு, மேலயும் ஐஸு போட்டு மூடி எடுத்துகினு போனேன். லேப் வாசல்ல டப்பாவ எடுத்து, தண்ணி சொட்டக் கூடாதுன்னு துண்டால தொடச்சிக் குடுத்தேன். என் பொட்டில போன சரக்கு இதுவரிக்கும் கெட்டுப்போச்சுன்னு திரும்பி வந்ததில்ல மேடம்."

எனக்குச் சிரிப்பு குபீரென்று தொண்டைவரைக்கும் வந்துவிட்டது. மேசைக்கடியில் மேடத்தின் செருப்பு என் காலை மிதித்தது. அவர் முகத்தில் ஒரு சுருக்கம்கூட இல்லை.

"கெட்டுடக் கூடாதுன்னு எவ்ளோ கவனமா செஞ்சிருக்கே," என்றார். "ஆனா எறா செத்தப்புறம்தானேம்மா ஐஸ்ல வெக்கிறே? இது உயிரோட இருக்கிற பொருள். ஐஸ்ல வெச்சா விறைச்சுப் போயிடும். லேப்புக்கு அது தெரியாது. பாத்ததை எழுதிட்டாங்க."

நிர்மலா வாயில் கை வைத்தாள். "அய்யோ. அப்ப நான்தான் கொன்னுட்டனா?"

"நீ யாரையும் கொல்லல. அந்த ஒரு டப்பா போச்சு. மறுபடி பாப்போம். அவரை உள்ள வரச் சொல்லு."

தேசிங்கு வந்தான். நல்ல தோள். கண் மட்டும் தரையை விட்டு எழவில்லை. மேடம் தன் கேள்விகளை ஆரம்பித்தார். காய்ச்சல் ஏதாவது வந்ததா என்றதும், "இல்ல மேடம்" என்றான். நிர்மலா அவனைத் திரும்பிப் பார்த்தாள். மேடம் அடுத்த கேள்விக்குப் போகவில்லை. கண்ணாடியைக் கழற்றிப் புடவைத் தலைப்பால் துடைக்க ஆரம்பித்தார். அவர் கண்ணாடி துடைத்தால் எதிரில் இருப்பவர் பேசித்தான் ஆக வேண்டும். எத்தனையோ பேரிடம் பார்த்திருக்கிறேன்.

"வந்துச்சு," என்றான் தேசிங்கு. "ஊசி போட்டுக்கறதுக்கு முன்னாடி, ரெண்டு மாசம் இருக்கும். நாலஞ்சு நாளு அனலா கொதிச்சுது. மீனு நாத்தம் கூட தெரில. வெளிய சொன்னா கொரோனான்னு வூட்டுக்கு தகரம் அடிச்சி அடச்சிருவாங்க, போட்டுல போறதுக்கும் ஆளு கம்மி. மாத்திர முழுங்கிட்டு கஜா கூட கடலுக்குப் போயிட்டேன். அப்பால கஜா படுத்துட்டான். ஆக்சிஜன்லாம் வெச்சாங்க. இப்ப வந்துட்டான். ஆனா போட்ட கரைக்குத் தள்றப்ப இன்னும் மூச்சு வாங்குது அவனுக்கு. எங்கிட்டேர்ந்துதான் வந்துச்சுன்னு அவனுக்குத் தெரியாது மேடம். அவன் ஊசியத் திட்டிகினு கீறான். நானும் கூட சேந்து திட்டிகினு கீறேன்."

எனக்கு அவன்மேல் கோபமும் வந்தது, பாவமாகவும் இருந்தது.

எங்கள் அறையிலேயே சாம்பிள் எடுத்தோம். ஐஸ் இல்லை, வெயில் இல்லை. பார்த்தால் ஓட்டம் இருக்கிறது! ஆனால் எண்ணிக்கை மிகக் குறைவு. நான் பார்த்ததும் குதித்துவிட்டேன். மேடம் தானும் ஒருமுறை எண்ணிவிட்டு வந்து அவர்கள் இருவரிடமும் சொன்னார்: "ஓடலைன்னு சொன்னது ஐஸ் பண்ண வேலை. அது போச்சு. ஆனா எண்ணிக்கை கம்மியாத்தான் இருக்கு, அதை நான் மறைக்க மாட்டேன். இது உருவாகி வெளிய வர ஏறக்குறைய மூணு மாசம் ஆகும். இப்ப நாம பாக்கறது காய்ச்சல்ல காய்ஞ்சது. காய்ச்சலால இப்படி ஆனதை நிறையப் பாத்திருக்கேன். ஊசியால ஆனதை நான் பாத்ததில்ல. மூணு மாசம் கழிச்சு வாங்க."

"ஏறிடுமா மேடம்?" என்று நிர்மலா கேட்டாள்.

"பெரும்பாலும் ஏறும். கண்டிப்பா ஏறும்னு சத்தியம் பண்ண மாட்டேன்."

நிர்மலா அங்கிருந்தே போன் செய்து கேட்டாள், அண்ணன் அதற்கும் ஒத்துக்கொண்டான். அடுத்த ரிப்போர்ட்வரை பொறுப்பதாகவும், அதுவும் சரியில்லை என்றால் வண்டியோடு வந்து நிற்பதாகவும் சொல்லிவிட்டான்.

அவர்கள் போனதும் நான் மேடத்திடம் பாய்ந்தேன். "நாளைக்கே காத்திவாக்கம் போலாம் மேடம். ஐஸு, காய்ச்சல் எல்லாத்தையும் போட்டு உடைச்சா ஊரே ஊசி போட்டுக்கும்."

"அது அவன் விஷயம். நம்ம வாய்ல வரக் கூடாது."

"ஜனங்க செத்துகினு கீறாங்க மேடம்!" கோபம் வந்தால் எனக்குக் கொருக்குப்பேட்டை தானாக வந்துவிடும்.

"கஸ்தூரிபாய்," என்றார். அவ்வளவுதான். வாயை மூடிக்கொண்டேன். ஆனால் உள்ளுக்குள் ஆறவில்லை. அதன்பிறகு அவரோடு சேர்ந்து சாப்பிடாமல் தனியாக உட்கார்ந்து சாப்பிட்டேன். அவர் அதைக் கண்டுகொள்ளாதவர்போல, எனக்குப் பிடித்த நெத்திலிக் கருவாட்டுத் தொக்கை மட்டும் என் மேசைக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்.

குப்பத்துக்காரர்களே வழி திறந்தார்கள். சுகாதாரத் துறை ஆட்கள் மறுபடியும் முகாம் போட வந்தபோது, "ஆம்பள சமாச்சாரம் பாக்குற டாக்டரு வந்து பேசட்டும், அப்பால பாக்கலாம்" என்று ஊர்த் தலைவர் சொல்லிவிட்டார். மேடம் உடனே கிளம்பினார். நானும் போனேன்.

மீன் ஏலம் விடும் கூடத்தில் ஆண்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஒரு மூலையில் நர்ஸ் ஊசியோடு தயாராக இருந்தாள். தேசிங்கு பின்வரிசையில் மடியில் வலையை வைத்துக்கொண்டு குனிந்திருந்தான். பெண்கள் கூடத்துக்கு வெளியே நின்றார்கள். நிர்மலாவும் அவள் அண்ணனும் அங்கேதான் இருந்தார்கள்.

தலைவர் சுற்றி வளைக்கவில்லை. "மேடம், ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. எங்க தேசிங்கு உங்க கிட்ட வந்தான்னு தெரியும். அவனுக்கு இன்னா ஆச்சு?"

கூடமே மேடத்தைப் பார்த்தது. ஒரு வார்த்தை சொன்னால் போதும், ஜெயித்துவிடலாம். எனக்கு நாக்கு துடித்தது.

"ஒருத்தரோட ரிப்போர்ட்டை இன்னொருத்தர் கிட்ட நாங்க சொல்றதில்லங்க," என்றார் மேடம். "நாளைக்கு நீங்க வந்தாலும் உங்களோடதையும் யார் கிட்டயும் சொல்ல மாட்டேன்."

"பாத்தியா, டபாய்க்கிறாங்க!" என்று யாரோ கத்தினார்கள். பின்னால் சிலர் எழுந்து வேட்டியைத் தட்டினார்கள். போச்சு, எல்லாம் போச்சு என்று நான் நினைத்தேன். மேடம் அசையவில்லை. பொன்னுக்கு வீங்கி என்ன செய்யும், காய்ச்சல் என்ன செய்யும், ஏன் மூன்று மாதம் காத்திருக்கிறோம் என்று தனக்குத் தெரிந்ததை மட்டும், வழக்கமான அதே தணிந்த குரலில் சொல்லிக்கொண்டே போனார். கேட்க வேண்டுமென்றால் மற்றவர்கள் அமைதியாக வேண்டியிருந்தது.

தேசிங்கு எழுந்து நின்றான்.

"அவங்க சொல்ல மாட்டாங்க. நான் சொல்றேன்," என்றான். முதலில் ஐஸ் பெட்டியைச் சொன்னான். கூடம் விழுந்து விழுந்து சிரித்தது. "இன்னா மாமு, எக்ஸ்போர்ட்டுக்கு அனுப்புனியா?" என்று ஒருவன் கேட்டான். தேசிங்கு சிரிக்கவில்லை. அடுத்ததாகக் காய்ச்சலைச் சொன்னான். தகரத்துக்குப் பயந்து மறைத்ததைச் சொன்னான். "கஜாவ ஆஸ்பத்திரில படுக்க வெச்சது ஊசியும் இல்ல, ஊரு காத்தும் இல்ல. நான்தான்," என்றான். எண்ணிக்கை குறைவாக இருப்பதையும் மறைக்கவில்லை.

கஜா முன்வரிசையிலிருந்து எழுந்து, மெதுவாக நடந்து போய், தேசிங்கின் கன்னத்தில் ஓங்கி ஒரு அறை விட்டான். நடந்ததற்கும் அறைந்ததற்கும் சேர்த்து அவனுக்கு மூச்சு வாங்கியது. கொஞ்ச நேரம் இடுப்பில் கை வைத்து நின்றான். பிறகு நேராக வந்து நர்ஸ் எதிரே இருந்த நாற்காலியில் உட்கார்ந்தான்.

"லெஃப்ட்ல போடும்மா," என்றான். "ரைட்டு கைக்கு இன்னும் அவன் கிட்ட வேல கீது."

ஊரே திரண்டு வரிசையில் நின்றது என்று எழுதினால் அது பொய். பாதிப் பேர் எழுந்து போய்விட்டார்கள். ஆனால் கஜாவுக்குப் பின்னால் சிலர் நின்றார்கள், அடுத்த முகாமுக்கு இன்னும் கொஞ்சம் பேர் வந்தார்கள். அதைவிட எனக்கு ஆச்சரியம் என்னவென்றால், அந்த மாதமே காத்திவாக்கத்து ஆண்கள் இரண்டு மூன்று பேர் எங்கள் மேசைக்கு வந்தார்கள். எல்லாருமே சொல்லிவைத்தாற்போல, "அந்த மேடம் வெளிய சொல்ல மாட்டாங்கல்ல?" என்றுதான் ஆரம்பித்தார்கள். முதல் ஆள் வந்த அன்று நான் தனியாகச் சாப்பிடவில்லை. சாப்பாட்டு டப்பாவை எடுத்துக்கொண்டு மேடத்தின் எதிரே போய் உட்கார்ந்தேன். பானு கேட்டதற்கு என் பதில் இதுதான். வைரஸா ஊசியா என்று வந்து கேட்கிறவனிடம், அவனுக்கு என்ன நடந்தது என்று முதலில் கேள். தெரிந்ததைச் சொல், தெரியாததைத் தெரியாது என்று சொல். அவன் சொன்னதை உன்னோடு வைத்துக்கொள். நான் பார்த்த டாக்டர்களில் இந்த மூன்றையும் ஒருநாள்கூடத் தவறாமல் செய்தவர் ரெஜினா மேடம் ஒருவர்தான். அதனாலேயே அவரை நினைத்தால் எனக்குக் கண் கலங்குகிறது.

நிர்மலாவின் அண்ணன் மட்டும் அன்று அசைந்துகொடுக்கவில்லை. "ஊருக்கு முன்னால பேசிட்டா மட்டும் கொழந்த பொறந்துடுமா?" என்று கேட்டுவிட்டுப் போனான்.

மேடம் சொன்ன மூன்று மாதம் முடிந்ததும் இருவரும் வந்தார்கள். அண்ணன் அன்று காலையிலேயே வண்டியோடு காத்திவாக்கத்தில் வந்து நிற்பதாக நிர்மலா சொன்னாள். தேசிங்கு அறைக்குள் போய், டப்பாவோடு தானே வெளியே வந்து, என் முகத்தைப் பார்த்துக் கொடுத்தான். இளகும்வரை காத்திருந்தேன். முதல் சொட்டைப் பார்த்தேன். உடனே எழுந்து மேடத்தைக் கூப்பிட்டேன். அவர் வந்து பார்த்தார், எண்ணினார், மறுபடி எண்ணினார். பிறகு கதவைத் திறந்து நிர்மலாவை மட்டும் உள்ளே அழைத்து, தன் இருக்கையில் உட்கார வைத்தார். எனக்குத் தெரிந்து அதுவரை அவர் யாருக்கும் அப்படிச் செய்ததில்லை.

"இதுல கண்ணை வெச்சுப் பாரும்மா."

நிர்மலா மைக்ராஸ்கோப்பில் குனிந்தாள். முதலில் ஒன்றும் புரியவில்லை போலிருக்கிறது. மேடம் திருகை லேசாகத் திருப்பினார்.

"அய்ய, இன்னா மேடம் இது, எறா குஞ்சு மாரி! அங்கயும் இங்கயும் ஓடிகினே கீது! ஒரு எடத்துல நிக்க மாட்டுது!"

கண்ணை அதிலிருந்து எடுக்கவே இல்லை. கன்னத்தில் வழிந்தது மேசைமேல் சொட்டியது. மேடம் அதைத் தன் தலைப்பால் துடைத்தார். கதவோரம் நின்ற தேசிங்கு உள்ளே வரலாமா கூடாதா என்று தவித்துக்கொண்டிருந்தான்.

குனிந்த தலை நிமிராமலே நிர்மலா அவன் பக்கம் கை நீட்டினாள்.

"போன குடு. எங்க அண்ணன் கிட்ட வண்டிய திருப்பிகினு வூட்டுக்குப் போவச் சொல்லணும்."